பாவமும் மீட்சியும்: சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த சில வரலாறுகள்

தவறாத மனிதன் உலகத்தில் இல்லை. ஆயின், தவறிய மனிதன் திரும்பி வருதற்கு வழி உண்டோ என்னும் வினாவுக்கு எல்லாச் சமயங்களும் ஒரே விடையைக் கூறவில்லை. செய்த வினை செய்தவனை விடாது என்று சில கூறும். உள்ளம் உடைந்து இறைவனை நோக்கினால் எப்பாவமும் நீங்கும் என்று வேறு சில கூறும். இவ்விரு விடைகளும் தருக்க நூலில் மாத்திரம் எதிர்ப்பட்டவை அல்ல. இலங்கை வரலாற்றில் ஓர் அரசனுடைய அவையில் அவை நேருக்கு நேர் எதிர்ப்பட்டன என்றும், அதன் விளைவாக இந்நாட்டின் மிகச் சிறந்த திருமலை ஒன்று கைமாறிற்று என்றும் பழைய நூலொன்று கூறுகின்றது. அதே மலைதான் மனித குலத்தின் முதல் தவறும் முதல் மன்னிப்பும் நினைக்கப்படும் இடமாகவும் முஸ்லிம் மக்களால் போற்றப்படுகின்றது. இந்த ஒற்றுமையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்முனைக் கரையில் வாழ்வோர்க்கு இவ்வினா புதியதன்று. கல்முனைக்கு வடக்கே அணித்தாயுள்ள பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயில் இருக்கின்றது. ஆண்டுதோறும் அங்கே நிகழும் பதினெட்டு நாள் விழாவில், சூதாடி நாட்டை இழந்த பாண்டவர் வனம் புகுதலும், அருச்சுனன் தவஞ் செய்தலும், ஈற்றில் தீமிதிப்பும் நடைபெறும். கல்முனைக்குடியிலே கடலை நோக்கி நிற்கும் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேற்றம் நடைபெறும். கோயிலிலும் பள்ளியிலும் மக்கள் நேர்த்திக் கடனோடு வருகின்றனர். வருவோர் எல்லாரும் செல்வம் வேண்டி வருவோர் அல்லர். தாம் செய்த ஒன்றை நினைந்து நெஞ்சு கனத்து வருவோரும் அவருட் பலர். இவ்விரு மரபினரும் தத்தம் வழியிலே போற்றும் பொது மலை ஒன்று உண்டு என்பதை நம் மாணவர் பலர் அறியார். ஆதலின் முதற்கண் அம்மலையின் வரலாற்றை நோக்குவாம்.

ஒரு மலையும் பல பெயர்களும்

இலங்கையின் தென்மேற்கு மலைநாட்டிலே 7,359 அடி உயரத்தில் கூம்பிய கொடுமுடியாக நிற்பது சிவனொளிபாத மலை. அதன் உச்சிப் பாறையிலே அடிச்சுவடு போன்றதொரு பள்ளம் உண்டு. சைவர் அதனைச் சிவபெருமானுடைய திருவடிச் சுவடு என்பர். பௌத்தர் அதனைப் புத்தர் பெருமானுடைய அடிச்சுவடு என்பர். புத்தர் சுமணகூடம் என்னும் அம்மலையில் அடிபதித்தார் என்று மகாவம்சம் கூறும். முஸ்லிம்கள் அதனைப் பாவா ஆதம் மலை என வழங்குவர். ஐரோப்பியர் முஸ்லிம்களின் வழக்கையே தழுவி ஆதாமின் சிகரம் எனப் பெயரிட்டனர். மார்கழித் திங்களின் முழுமதி நாளில் தொடங்கி வைகாசி வரை நீளும் யாத்திரைக் காலத்தில் எல்லாச் சமயத்தவரும் ஒரே படிகளில் ஏறுகின்றனர்.

இம்மலைக்குச் செல்வோர்க்கு வசதி செய்தலை அரசர் தம் கடமையாகக் கொண்டனர். சோழரிடமிருந்து பொலன்னறுவையை மீட்டு ஆண்ட முதலாம் விசயபாகு (1055–1110) யாத்திரிகருக்கு வழியில் உணவும் தங்கிடமும் அமைத்ததை அம்பகமுவாக் கல்வெட்டு உரைக்கின்றது. ஏறுவோன் யாவன், எச்சமயத்தவன் என்று வினாவாது வழியைச் செப்பஞ் செய்தலே பண்டை அரசர் நெறியாக இருந்தது போலும்.

ஆதம் நபியின் இறக்கமும் ஏற்றமும்

முதல் மனிதராகிய ஆதம் நபியின் வரலாறு திருக்குர்ஆனில் இரண்டாம், ஏழாம், இருபதாம் அத்தியாயங்களிலே சொல்லப்படுகின்றது. இறைவன் விலக்கிய மரத்தை அணுகிய பின்னர், ஆதமும் அவர் துணைவியாரும் தம் தவற்றை உணர்ந்தனர். ஈண்டு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, தவறு ஒருவர் மேல் மாத்திரம் சுமத்தப்படவில்லை. இருவரும் ஒருங்கே வழுவினர், இருவரும் ஒருங்கே மன்றாடினர். இரண்டாவது, வழுவிய இப்லீசு தன் வழுவுக்கு இறைவனையே காரணங் காட்டினான். ஆதமோ தமக்குத் தாமே தீங்கிழைத்ததாக ஒப்புக்கொண்டார். இருவர்க்குமிடையே உள்ள வேறுபாடு பிழை செய்தமையில் இல்லை, பிழையை யார் தலையில் வைத்தனர் என்பதில் உள்ளது. மூன்றாவது, மன்றாடுதற்குரிய மொழியையும் இறைவனிடமிருந்தே ஆதம் பெற்றார். திரும்பி வர விரும்பியவனுக்கு வழிகாட்டுதலும் இறைவனின் செயலே என்பது இதனாற் பெறப்படும். மன்னிப்புக் கிடைத்தபின் ஆதம் இழிந்தவராக எஞ்சவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவராகவும் நேர்வழி காட்டப்பட்டவராகவும் உயர்த்தப்பட்டார். அவர் பிழை அவர் மக்களுக்கு வழிவழியாக ஏறுவதென்னும் கொள்கையும் இஸ்லாத்தில் இல்லை.

ஆதம் பூமியில் எவ்விடத்தில் இறங்கினார் என்பதைத் திருக்குர்ஆன் கூறவில்லை. அதனை உரைப்பன பிற்கால வரலாற்று நூல்கள். 923ஆம் ஆண்டிற் காலமான பேரறிஞர் தபரி, ஆதம் இந்து நாட்டிலுள்ள மலையொன்றில் இறங்கினார் என்னும் செய்திகளைத் தொகுத்தார். அவர் துணைவியார் ஹவ்வா ஜித்தாவில் இறங்கினார் என்றும், இருவரும் நெடுநாட் பிரிந்திருந்து அரபாத் வெளியிற் கூடினர் என்றும் அம்மரபு கூறும். ஆதம் உடுத்திருந்த சுவர்க்கத்து இலைகள் உலர்ந்து உதிர்ந்தமையால் இந்நாடுகளில் நறுமணப் பொருள்கள் விளைந்தன என்பதும் அம்மரபில் வழங்குங் கதையே. இழப்பிலிருந்து மணம் பிறந்தது என்னும் இக்கருத்து கதையாயினும் அழகியதாகும்.

851ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டதும் சுலைமான் என்னும் வணிகரின் பெயரோடு தொடர்புடையதுமான அறபு நூல், சரந்தீபில் ரஹூன் என்னும் மலை உண்டென்றும், ஆதம் இறங்கிய அம்மலையுச்சியிலே அவர் அடிச்சுவடு உளதென்றும் குறிக்கின்றது. ஆகவே, இலங்கை மலையோடு ஆதமின் பெயர் இணைந்து பதினொரு நூற்றாண்டுகளுக்கு மேலாயின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, மலையைப் பற்றி முஸ்லிம்கள் ஒன்றும் பௌத்தர் வேறொன்றும் கூறுவதைக் கேட்டு இரண்டையும் எழுதி வைத்தார்.

யோகியரோடு சென்ற யாத்திரிகர்

1344ஆம் ஆண்டிலே மொறோக்கோ நாட்டவராகிய இப்னு பதூதா மாலைத்தீவிலிருந்து இலங்கைக்கு வந்தார். கடலில் வரும்போதே புகைத்தூண் போல வானத்தில் நின்ற மலையைக் கண்டதாக அவர் எழுதியுள்ளார். புத்தளம் பகுதியிலே அவர் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அம்மன்னன் பாரசீக மொழி அறிந்தவன். தாம் வந்த நோக்கம் ஆதமின் அடிச்சுவட்டைத் தரிசித்தல் ஒன்றே என்று யாத்திரிகர் கூறியபொழுது, சைவ மன்னனாகிய அவன் தடை யாதுஞ் சொல்லவில்லை. பல்லக்கும் அதனைச் சுமப்போரும் கொடுத்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தவர் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினான்.

இக்காட்சியைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவர். அவருக்கு வழிகாட்டுவோர் யோகியரும் அந்தணரும். அனுப்பினவன் தமிழ் மன்னன். செல்லும் மலையோ பௌத்தர் பெரும்பான்மையராக வாழும் நாட்டில் உள்ளது. மலைக்குப் பாவா வழி, மாமா வழி என இரு பாதைகள் இருந்தன என்றும், ஆதமின் பெயரால் வழங்கும் பாவா வழி கடினமானது, ஹவ்வாவின் பெயரால் வழங்கும் மாமா வழி எளியது என்றும் அவர் கூறுவர். செங்குத்தான இடங்களிற் பிடித்து ஏறுதற்கு இருப்புச் சங்கிலிகள் மாட்டப்பட்டிருந்தன.

இவ்யாத்திரை பற்றி அவர் கூறும் பழங்கதை ஒன்று நம் பொருளுக்கு ஏற்றது. 982ஆம் ஆண்டிற் காலமான சிராசு நகரத்துப் பெரியார் இப்னு கபீபு, தோழர் பலரோடு இம்மலைக்கு வந்தாராம். பசி தாங்கமாட்டாத தோழர்கள், அவர் விலக்கவும் கேளாது, யானைக்கன்று ஒன்றைக் கொன்று தின்றனர். இரவில் யானைக் கூட்டம் வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத் தின்றவரைக் கொன்றது. தின்னாத பெரியாரை மாத்திரம் முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர்ப்புறத்தே விட்டது. வினையின் பயன் உடனே வந்தடையும் என்னும் கருத்தை இக்கதை உரைக்கின்றது. ஆதமின் வரலாறு மன்னிப்பை உரைக்கின்றது. ஒரே மலைவழியில் இரு செய்திகளும் நிற்கின்றன. இவ்விரண்டும் ஓர் அரசனின் வாழ்விலே மோதிய வரலாற்றை இனிக் காண்போம்.

சீதாவாக்கை மன்னனின் வினா

1521ஆம் ஆண்டிலே கோட்டை அரசனாகிய விசயபாகுவை அவன் புதல்வர் மூவர் சதி செய்து கொல்வித்தனர்; நாடு மூன்றாகப் பிரிந்தது. அப்புதல்வருள் ஒருவனாகிய மாயாதுன்னை சீதாவாக்கையைத் தலைநகராக்கினான். அவன் மைந்தனே முதலாம் இராசசிங்கன் (1581–1593). போர்த்துக்கேயரை முல்லேரியாவிற் புறங்கண்டவனும், கண்டியைத் தன்னடிப்படுத்தியவனும், 1587–88இல் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டவனும் இவனே. வீரத்தில் இவனுக்கு நிகரான அரசர் அந்நூற்றாண்டில் இலங்கையில் இலர்.

இவனைப் பற்றிச் சூளவம்சம் கூறுவது வருமாறு: இராசசிங்கன் ஆட்சி வேட்கையால் தந்தையைக் கொன்றான். பின்னர் நெஞ்சு சுட, பௌத்த தேரரை அழைத்து, தந்தையைக் கொன்ற பாவத்தை எவ்வாறு போக்கலாம் என வினவினான். செய்த தீவினையைச் செய்யாததாக ஆக்க இயலாது என அவர் விடையிறுத்தனர். மன்னன் சினந்தான். சைவரை வினவினான். அவர் இயலும் என்றனர். அவ்விடையை அமிழ்தமென ஏற்றுத் திருநீறணிந்து சைவனானான். பின்பு பிக்குகளைக் கொன்றான், ஏடுகளை எரித்தான், விகாரைகளை அழித்தான், சுமணகூட மலையின் வருவாயைச் சைவத் துறவியர்க்குக் கொடுத்தான்.

சீதாவாக்கையில் ஆற்றங்கரையிலே முற்றுப்பெறாது கிடக்கும் பெரெண்டி கோயிலின் கற்றளம், இம்மன்னன் கழுவாயாக வைரவக் கடவுளுக்கு எடுக்கத் தொடங்கியது என்று மரபு கூறும். கண்டியில் எழுந்த கிளர்ச்சியை அடக்கச் சென்று தோற்று மீண்ட மன்னன், 1593இல் மூங்கிற் சிராய் தைத்த புண்ணால் இறந்தான் என்ப. மலையோ ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சைவ ஆண்டிகளின் பொறுப்பில் இருந்து, கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782) காலத்தில் பௌத்த சங்கத்தாரிடம் திரும்பியது.

நூற் சான்றை ஆராய்தல்

நூலிற் கண்டதை அப்படியே கொள்ளுதல் வரலாற்று மாணாக்கர்க்கு முறையன்று. சூளவம்சத்தின் இப்பகுதி இராசசிங்கன் இறந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின், கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்துப் பௌத்த துறவியொருவரால் எழுதப்பட்டது. மலையைச் சைவரிடமிருந்து மீட்டளித்த மன்னன் காலத்து நூல், மலை சைவர் கைக்குப் போனது ஒரு பாவியின் செயலால் என்று கூறுதல் இயல்பே. தந்தையைக் கொன்றான் என்னுங் குற்றச்சாட்டை வரலாற்றறிஞர் பலர் ஐயுற்றுள்ளனர். முதுமையெய்திய மாயாதுன்னை தன் வாழ்நாளிலேயே படைப் பொறுப்பை மைந்தனிடம் ஒப்படைத்திருந்தான். மைந்தன் கொலை செய்து பெறவேண்டிய அதிகாரம் பெரிதாக எஞ்சியிருக்கவில்லை. 1521இல் மாயாதுன்னை தன் தந்தைக்கு எதிராக உடன்பட்ட கொலையின் நிழல், தலைமுறை தாண்டி மைந்தன் மேல் விழுந்ததோ எனவும் எண்ண இடமுண்டு. இராசசிங்கன் அவைப் புலவரான அழகியவன்ன முகவெட்டி இயற்றிய சிங்களத் தூதுக் காவியம், மன்னனுக்கு அருள் வேண்டிச் சமன் தெய்வத்திடம் சேவலைத் தூது விடுகின்றது. ஆட்சி முழுவதும் பழைய வழிபாட்டை மன்னன் வெறுத்திருந்தானல்லன் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும், சைவச் சார்பு, மலையின் கைமாற்றம், பிக்குகளோடு பகைமை ஆகிய மூன்றும் முற்றும் புனைவு எனத் தள்ளுதற்கில்லை. அவற்றுக்கு அரசியற் காரணங்களும் இருந்திருத்தல் கூடும். நிகழ்ச்சி எவ்வாறாயினும், நூலாசிரியர் அதனை விளக்க மேற்கொண்ட வினா மெய்யான வினா. "செய்ததைச் செய்யாததாக்கல் கூடுமோ?" என்னும் அதற்கு அளிக்கப்பட்ட விடைகள் பழுதறச் சொல்லப்பட்டனவா என்பதை நாம் ஆராய்தல் தகும்.

மூன்று நெறிகளின் விடை

தேரர் கூறிய விடை பௌத்த நூற்படி பிழையன்று. தந்தையைக் கொல்லுதல், பயன் தப்பாது தொடரும் ஐம்பெருந் தீவினைகளுள் ஒன்று. ஆயினும் பௌத்த நூல்களில் அவ்விடைக்கு மேலும் ஒரு பாகம் உண்டு. தந்தையாகிய பிம்பிசாரனைக் கொன்ற மகத மன்னன் அசாதசத்துரு ஓர் இரவு புத்தர் பெருமானிடம் வந்து அறங் கேட்டான். ஈற்றில் தன் குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்டான். பெருமான் அவ்வொப்புதலை ஏற்றார். பிழையைப் பிழையெனக் கண்டு மேல் அடக்கம் மேற்கொள்ளுதல் வளர்ச்சி என்றார். அவன் சென்ற பின்னர், தந்தையைக் கொன்றிராவிடின் இவ்விருக்கையிலேயே அறக்கண் பெற்றிருப்பான் என்று அடியாரிடம் இரங்கியும் கூறினார். வினை அழியவில்லை, ஆயின் கதவும் அடைக்கப்படவில்லை. சீதாவாக்கை அவையில் முதற்பாகம் மாத்திரம் ஒலித்தது போலும்.

சைவர் இயலும் என்று கூறியதும் சித்தாந்த நூற்படி முழு விடையன்று. குருவருளாலே சஞ்சித வினை எரியும். பிராரத்த வினையோ உடல் உள்ளளவும் நுகர்ந்தே கழியும். அருள் பெற்றவனும் உடல் தாங்கி அதனைப் பொறுத்தல் வேண்டும். நீறணிந்த அன்றே யாவும் நீங்கிற்று என எண்ணி வாளெடுத்தவன் நீற்றின் பொருளை அறிந்தவனல்லன்.

இஸ்லாத்தின் விடையை நோக்குவாம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளிலும் காணப்படும் நபிமொழி ஒன்று, இராசசிங்கன் கதையோடு வியக்கத்தக்க ஒப்புமை உடையது. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒருவன், தனக்கு மன்னிப்பு உண்டோ எனத் துறவி ஒருவரை வினவினான். இல்லை என்றார் அவர். அவரையும் கொன்று நூறாக்கினான். பின்பு அறிஞர் ஒருவரை அடைந்தான். உனக்கும் மன்னிப்புக்கும் இடையே நிற்க வல்லார் யாவர் எனும் கருத்துப்பட விடையளித்த அவ்வறிஞர், தீமை மிக்க உன் ஊரை விட்டு நல்லோர் வாழும் இன்ன ஊருக்குப் போ என வழியும் கூறினார். அவன் புறப்பட்டான், நடுவழியில் இறந்தான். அவன் யாருக்குரியன் என்று வானவர் வழக்கிட்டனர். தூரம் அளக்கப்பட்டது. நல்லூரின் பக்கம் ஒரு சாண் அளவு அணித்தாயிருந்தமையால் அருளுக்குரியனானான்.

இரு கதைகளிலும் இருவர் வினவப்படுகின்றனர். முதல்வர் இல்லை என்கின்றார். வினவியவன் கொலை செய்கின்றான். இரண்டாமவர் உண்டு என்கின்றார். வேறுபாடு அதன் பின்னர்த் தொடங்குகின்றது. நபிமொழியிலே வரும் அறிஞர் உண்டு என்பதோடு நின்றாரல்லர். ஊரை விட்டு நட என்றார். அவன் பழைய இடத்தையும் பழைய தொழிலையும் விட்டு நடந்தான். அந்நடையே அவனுக்குரிய ஒரு சாணைத் தந்தது. இராசசிங்கனோ சமயத்தை மாற்றினான்; ஊரை மாற்றினானல்லன். வாள் கையிலேயே இருந்தது; அது வெட்டும் தலைகள் மாத்திரம் மாறின.

கிழக்கிலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ நெறியின் பேரறிஞர் நவவி (மறைவு 1277) தௌபாவுக்கு நிபந்தனைகள் கூறுகின்றார். பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீளச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் என்பன மூன்று. பாவம் பிற மனிதனின் உரிமையைத் தொட்டதாயின் நான்காவது ஒன்றும் உண்டு: எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல், அன்றேல் அவனிடம் பொறுப்பு வேண்டுதல். அயலானிடம் வேலியைத் தள்ளிப் பிடித்த காணியைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளியிலோ கோயிலிலோ அழுதலால் பயனில்லை என்பது இதன் தெளிந்த பொருள்.

உழவாரமும் கடப்பாரையும்

தமிழ்நாட்டு வரலாற்றிலும் இவ்வேறுபாட்டைக் காட்டும் சான்று உண்டு. 7ஆம் நூற்றாண்டினரான மருள்நீக்கியார் சமணஞ் சார்ந்து தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். சூலைநோய் வருத்த, திருவதிகையிலே இருந்த தமக்கையார் திலகவதியாரிடம் இரவில் மீண்டார். இழந்த தம்பியை அவ்வம்மையார் கடிந்து புறந்தள்ளவில்லை. நீறளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். மீட்சிக்கு இறைவனருள் வேண்டும். அதனோடு, மீண்டு வருவோனுக்குக் கதவு திறக்க ஒரு மனிதரும் வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. திரும்பி வந்த நாவுக்கரசர் கையிலெடுத்தது உழவாரப் படை. கோயில் முற்றங்களிற் புல் செதுக்கியே தம் வாழ்நாளைக் கழித்தார். கழிந்த நாட்களை எண்ணி இரங்குதலும் அவர் பதிகங்களில் விடாது ஒலிக்கும்.

அவர் காலத்துப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். திருச்சிராப்பள்ளி மலைக்குகையிலே உள்ள அவன் வடமொழிக் கல்வெட்டு, குணபரன் என்னும் அரசன் மாறான நெறியினின்றும் திரும்பியதைக் குறிப்பாக உணர்த்துகின்றது. அத்தொடருக்கு வேறு பொருள் உரைப்பாரும் உளரேனும், மன்னன் நாவுக்கரசராற் சைவனான செய்திக்கு அதனைச் சான்றாகக் கொள்வர் பெரும்பாலோர். 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணம், அம்மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அதன் கல்லைக் கொணர்ந்து திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்று புகழ்ந்து கூறும்.

இதனைப் படிக்கும் சைவ மாணாக்கர் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். ஒரே காலத்தில், ஒரே நெறிக்குத் திரும்பிய இருவருள் ஒருவர் புல் செதுக்கினார்; மற்றவர் பிறர் பள்ளியை இடித்தார். சூளவம்சம் இராசசிங்கனிடம் பழிக்கும் செயலையே பெரியபுராணம் பல்லவனிடம் போற்றுகின்றது. நம்மவர் செய்யின் அறம், பிறர் செய்யின் மறம் என்று கொள்ளுதல் நடுநிலை ஆகாது. தன் பழைய பிழையைப் பிறர் சமயத்தின் மேலேற்றி அதனைத் தண்டித்தல், ஆதமின் வழியன்று. பிழையைப் பிறர் தலையில் வைத்த வழியேயாகும். மூன்று சமயத்தவர் மதிலோடு மதிலாக வாழும் நம் கரையில் இப்பாடம் நூற்பாடமாக மாத்திரம் நின்றுவிடல் ஆகாது.

துன்பமும் பாவமும்

இன்னுமொரு மயக்கத்தையும் விலக்குதல் கடனாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிக் கல்முனை, மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களில் எண்ணிறந்த உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்நாட்களில், இது மக்கள் செய்த பாவத்தின் தண்டனை என்று கூறினோர் எல்லாச் சமயத்திலும் இருந்தனர். பாவஞ் செய்தவன் துன்புறுவான் என்பதினின்றும், துன்புற்றவனெல்லாம் பாவி என்பது பெறப்படாது. இது தருக்க நூலின் முதற்பாடம். அலை, தொட்டிற் குழந்தையையும் வலை உலர்த்திய முதியவரையும் வேறு பிரித்துப் பார்க்கவில்லை. 1626இல் போர்த்துக்கேயராற் கொழும்பிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களும் பாவத்தால் துரத்தப்பட்டவர் அல்லர். பிறரின் பேராசையால் துரத்தப்பட்டவர். கண்டி மன்னன் செனரதன் அவர்களை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். அங்கே முன்னரே வாழ்ந்த தம் இனத்தாரோடு அவர்கள் கலந்தனர். இழந்தவனுக்கு வேண்டுவது ஆறுதலும் இடமும். பிழைத்தவனுக்கு வேண்டுவது மன்னிப்பும் வழியும். முன்னவனிடம் பாவமன்னிப்பைப் போதித்தலும் கொடுமை. பின்னவனை வழியில்லை என விரட்டுதலும் கொடுமை.

முடிவுரை

யான் ஆசிரியத் தொழில் புரிவோன். இக்கட்டுரையின் வினாவை ஏடுகளிலிருந்து மாத்திரம் யான் பெற்றிலேன். பல்லாண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் தோழனுடைய பணத்தைத் திருடிப் பிடிபட்டான். நாற்பது பிள்ளைகள் முன் அவனை நிறுத்தி, இனி உனக்கு உருப்பட வழியில்லை என்று கூறினேன். மறுநாள் அவன் வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை. திருட்டைக் கண்டித்தமை தவறன்று. வழியில்லை என்றமையே தவறு. அச்சொல்லைச் சொல்லும் அதிகாரம் எனக்கு எவராலும் தரப்படவில்லை. சீதாவாக்கைத் தேரரைப் பற்றியும் நபிமொழியில் வரும் துறவியைப் பற்றியும் படிக்குந்தோறும் அவ்வகுப்பறை என் நினைவுக்கு வருகின்றது. பின்னர் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். முன்றிலில் வலை பின்னிக்கொண்டிருந்த இளைஞன் எழுந்து, "வாங்கோ சேர், இரியுங்கோ" என்று கதிரையைத் துடைத்துப் போட்டான். பொறுத்துக்கொள் என யான் கேட்கு முன்னரே அவன் பொறுத்திருந்தான் போலும். ஆயினும் யான் கேட்டேன். நவவி கூறிய நான்காம் நிபந்தனை மாணாக்கனுக்கு மாத்திரம் உரியதன்றே.

பாண்டிருப்பு விழாவில் தருமர் வேடம் பூண்டவர் வனவாசம் புறப்படும் பொழுது ஊரார் வழிநெடுக நின்று வழியனுப்புவர். தருமர் குற்றமற்றவரல்லர், நாட்டையும் தம்பியரையும் தேவியையும் சூதில் வைத்து இழந்தவர். ஆயினும் ஊர் அவரை வெறுக்கவில்லை. அவர் திரும்பி வருவார் என்று அறிந்தே ஊர் வழியனுப்புகின்றது. தீக்குழி அதன் பின்னர்த்தான் வருகின்றது. வனமும் தவமும் தீயும் கடந்த பின்னரே மீட்சி என்பதை அவ்விழா ஏட்டுக் கல்வி இல்லாதவர்க்கும் உணர்த்துகின்றது.

தொகுத்துக் கூறின், சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த வரலாறுகள் நமக்கு உணர்த்துவன மூன்று. பிழையைத் தன்னதென ஒப்புதல் முதலாவது. ஆதம் அதனைச் செய்தார். பழைய இடத்தை விட்டு நடத்தலும், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தலும் இரண்டாவது. இராசசிங்கன் அதனைச் செய்யாது மலையைக் கொடுத்தான். திரும்பி வருவோனுக்குக் கதவு திறத்தல் மூன்றாவது. அது திலகவதியார் செய்தது, நம்மால் இயலுவதும் அதுவே. மன்னித்தல் இறைவனுடைய செயல். மன்னிப்பை நாடி வருவோன் வழியை மறியாதிருத்தல் மனிதருடைய செயல். இப்னு பதூதாவை யோகியர் அம்மலைக்கு அழைத்துச் சென்ற ஞான்று அவர் எச்சமயத்தவர் என்பது வழிக்குத் தடையாகவில்லை. இன்றும் யாத்திரைக் காலத்து இரவுகளில் அப்படிகளில் ஏறுவோர், முன்னே செல்பவர் கையிலுள்ள விளக்கின் ஒளியிலேயே அடியெடுத்து வைக்கின்றனர். அவ்விளக்கைப் பிடித்தவர் எச்சமயத்தவர் என எவரும் வினவுவதில்லை.